மண்ணால் கட்டிய கோட்டைகள்

வெள்ளிக்கிழமைப் பூசைக்குக் கோணேசர் கோயிலுக்குப் போகிறபோதெல்லாம் நாங்கள் ஒரு கோட்டைக்குள்ளால்தான் நடந்து போனோம். வாசலில் துவக்கோடு ஒரு சிப்பாய். நிலைக்கல்லில் பாண்டியரின் இணைக்கயல். உள்ளே ஆலமர நிழலில், எங்கள் கையிலிருக்கும் அர்ச்சனைத் தட்டை மணந்து பார்க்க வரும் மான்கள். அந்தச் சிப்பாயையும் மான்களையும் ஒரே வாசலில் பார்த்து வளர்ந்ததால், கோட்டை என்பது ஒவ்வோர் ஊரிலும் இருக்கும், அது கல்லால்தான் இருக்கும் என்று நான் நீண்ட காலம் நினைத்திருந்தேன். முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்த பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை. மாறியது 2016ஆம் ஆண்டு கோடையில், இங்கிலாந்தில், ஒரு புல்மேட்டின் மேல் நின்றபோது.

மகன் வீடு நொட்டிங்ஹாமில். பேத்திக்குப் பாடசாலையில் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் பற்றி ஒப்படை கொடுத்திருந்தார்கள். அரை மணித்தியால ரயில் தூரத்தில் நியூவாக் என்றொரு பழைய சந்தை நகரம். அங்கே ட்ரென்ட் ஆற்றோரம் இடிந்த கல்கோட்டை ஒன்று உண்டு. அதைப் பார்த்து முடித்துவிட்டு, நகரத்தின் தென்மேற்கே உள்ள ஒரு பூங்காவுக்கு நடந்தோம். நாய்களோடு உலாவுகிறவர்கள், பந்தடிக்கும் பிள்ளைகள், இடையிலே ஒரு பெரிய புல்மேடு. ஏறி உச்சியில் நின்று, "அப்பம்மா, கோட்டை எங்கே?" என்று பேத்தி கேட்டாள். நாங்கள் நின்றதே கோட்டைதான். கீழே இருந்த அறிவித்தற் பலகையை வாசித்த பிறகுதான் எனக்கும் அது விளங்கியது.

அதற்குக் குயீன்ஸ் ஸ்கொன்ஸ் என்று பெயர். முதலாம் சார்ள்ஸ் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையில் 1642இல் தொடங்கிய போரில் நியூவாக் மன்னர் பக்கம் நின்ற நகரம். 1643, 1644, பின்னர் 1645-46 என மூன்று தடவை முற்றுகையிடப்பட்டது. இரண்டாவது முற்றுகைக்கும் கடைசி முற்றுகைக்கும் இடையில் நகரத்தைச் சுற்றி மண்ணை வெட்டிக் குவித்து அரண் போட்டார்கள். அந்த அரணுக்கு வெளியே, நகருக்கு வரும் பெருவீதியையும் ஆற்றையும் பார்த்துக்கொள்ள இரண்டு பெரிய மண்கோட்டைகள். ஒன்று மன்னர் பெயரில், மற்றது அவருடைய மனைவி ஹென்றியெற்றா மரியா பெயரில். மன்னரின் மேடு பிற்காலத்தில் அழிந்துவிட்டது. அரசியின் மேடு நிற்கிறது. ஏறக்குறைய மூன்று ஏக்கர். நான்கு மூலையிலும் அம்பு முனைபோல நீண்ட கொத்தளம், சுற்றிவர ஆழமான அகழி. எதிரி எந்தப் பக்கத்தால் ஏறினாலும் மறைந்து நிற்க ஒரு மூலை அகப்படாதபடி அமைத்திருக்கிறார்கள்.

ஏன் மண்? கற்சுவரில் பீரங்கிக் குண்டு பட்டால் சுவர் வெடிக்கும். தெறிக்கிற சில்லு பக்கத்தில் நிற்பவனையும் கொல்லும். மண் அந்தக் குண்டை விழுங்கிவிடும். இடிந்தால் இரவோடிரவாக மண்வெட்டியால் திருத்தலாம். இந்த வித்தையில் அந்தக் காலத்து ஆசான்கள் ஒல்லாந்தர். ஸ்கொன்ஸ் என்ற சொல்லே ஒல்லாந்து மொழியிலிருந்து போனது. அதே ஒல்லாந்தர்தான் 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து எங்கள் திருமலைக் கோட்டையைப் பிடித்தவர்கள் என்பதை நினைத்தபோது அந்தப் புல்மேடு எனக்குக் கொஞ்சம் நெருக்கமாயிற்று.

நியூவாக்கின் கடைசி முற்றுகை கொடியது. வெளியே நின்ற படை ஆறுகளை மறித்து அணைபோட்டு, நகரத்தின் தானிய ஆலைகளை நிறுத்தியது. உள்ளே கொள்ளைநோய். 1646 மே மாதம் மன்னர் ஸ்கொத்லாந்துப் படையிடம் சரணடைந்து, நகரத்தைக் கையளிக்கச் சொன்னார். போரில் வென்றவர்கள் அரண்களையெல்லாம் தரைமட்டமாக்கும்படி நகர மக்களுக்குக் கட்டளையிட்டார்கள். நோயில் துவண்டிருந்த சனங்கள் அந்த வேலையை முழுதாகச் செய்து முடிக்கவில்லை. யாரும் அன்போடு காப்பாற்றி வைத்து அந்த மேடு தப்பவில்லை. இடிக்கத் தெம்பில்லாமல் விட்டார்கள், புல் முளைத்தது, ஆடுமாடு மேய்ந்தது. இன்று அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட சின்னம். அனுமதி இல்லாமல் ஒரு மண்வெட்டி போட முடியாது. 2015இல் நகரத்துக்குள் உள்நாட்டுப் போருக்கென்று ஒரு தேசிய அருங்காட்சியகமே திறந்திருக்கிறார்கள். தோற்ற பக்கத்தின் மண்மேடு அது என்பதைக் கவனியுங்கள்.

பேத்தி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். ஆற்றை மறித்த கதையை வாசித்தபோது என் மனம் மாவிலாற்றுக்குப் போய்விட்டது.

எங்கள் ஊர்க் கோட்டைகளின் கதை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1620இல் டென்மார்க்கார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்களையும் சேர்த்துத்தான் கோட்டை எழும்பியது. பிறகு ஒல்லாந்தர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் கோட்டையையும் துறைமுக வாயிலில் உள்ள ஒஸ்ரன்பேர்க் கோட்டையையும் பிடித்தார்கள். அதே வருடம் ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் இரண்டையும் அவர்களிடமிருந்து பறித்தார். திரும்பவும் ஒல்லாந்தர், 1795இல் திரும்பவும் ஆங்கிலேயர். பிரெட்றிக் என்ற பெயர் 1803இல்தான் வந்தது. இத்தனை கொடி மாறிய அந்தச் சுவரைப் பார்த்து, கோயிலை இடித்துக் கட்டியதுதானே, இதையும் இடியுங்கள் என்று இன்று யாரும் சொல்வதில்லை. 1950இல் கிணறு வெட்டியபோது பழைய விக்கிரகங்கள் கிடைத்தன. கோயில் மீண்டும் எழுந்தது. கோட்டையும் நிற்கிறது. நானூறு வருடத்தில் அந்தக் காயம் ஆறி, சுற்றுலாக்காரர் படம் பிடிக்கிற இடமாகிவிட்டது. ஒஸ்ரன்பேர்க் கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் அனுமதி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

ஆனால் எங்கள் வாழ்நாளில், எங்கள் கண் முன்னே எழும்பிய கோட்டைகள் கல்லால் ஆனவை அல்ல. அவை முழுக்க மண். மண் அணை என்றும் மண் அரண் என்றும் சொன்னோம். டோசர் ஒரு பக்கத்தால் அகழியைத் தோண்ட, அந்த மண் மறுபக்கம் ஆளுயரத்துக்கும் மேலே குவியும். இடையிடையே காவலரண், பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, ஒரு சாண் அகலத்தில் பார்க்கத் துவாரம். வடக்கே ரயில் பாதையின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும்கூடப் பங்கருக்குக் கூரையாய்ப் போயின. அணையின் முன்னால் முட்கம்பி, அதற்கு முன்னால் மிதிவெடி. நியூவாக்கின் நட்சத்திர மேட்டைப் போல இதில் வடிவழகு ஒன்றும் இல்லை. பீரங்கிக்குப் பதில் ஆட்லறியும் மோட்டாரும் வந்த காலத்தில் மூலைக் கொத்தளத்துக்கு வேலை இல்லை. கிலோமீற்றர் கணக்கில் நேர்கோடாக வயலையும் வளவையும் குறுக்கறுத்து ஓடும். ஆனால் 1646இல் மண்ணை எதற்காக நம்பினார்களோ அதற்காகத்தான் 2006இலும் நம்பினார்கள். மண் விழுங்கும்.

1970களில் எங்களோடு விடுதியில் இருந்து படித்த மூதூர், சம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளை நினைவிருக்கிறதா? திங்கட்கிழமை காலை மூதூர் லோஞ்சில் வந்து இறங்குவார்கள். காற்றுக் காலத்தில் வந்தால் முகம் வெளிறியிருக்கும், பாவாடை உப்பில் விறைத்திருக்கும். அவர்கள் கடந்து வந்தது கொட்டியாரக் குடா. 1660இல் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல்காரரும் அவருடைய தகப்பனும் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டது அந்தக் கரையில்தான். மூதூரில் அதற்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. துறைமுகத்தின் வாயைத் தெற்கே இருந்து பார்க்கிற கரை அது. சம்பூரில் நிற்கிறவன் துறைமுகத்துக்குள் வருகிற போகிற கப்பலை எண்ணலாம். அதுதான் அந்த ஊர்களின் அழகு. அதுவே அவற்றின் தலைவிதியும்.

2006 யூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டது. அதிலிருந்து சண்டை மூண்டது. ஓகஸ்ட் முதல் வாரத்தில் மூதூர் நகரத்துக்குள் சண்டை வந்து, முஸ்லிம் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் கையில் அகப்பட்டதோடு கந்தளாய்ப் பக்கம் நடந்தார்கள். அந்த நாட்களில்தான் மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 4இல் சம்பூர் இராணுவத்தின் கைக்குப் போனது. 2007 மே மாதம் அந்தப் பகுதி அதியுயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானியில் வந்தது. பிறகு அனல்மின் நிலையத்துக்கு என்றார்கள், கைத்தொழில் வலயத்துக்கு என்றார்கள். காணிக்காரர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் தகரக் கூரையின் கீழ் இருந்தார்கள். 2015இல் 818 ஏக்கரும் 2016 மார்ச்சில் கடற்படையிடமிருந்த 237 ஏக்கரும் திரும்பக் கிடைத்தன. ஒரு பிள்ளை பிறந்து பாடசாலையில் நான்காம் வகுப்புக்குப் போகிற காலம் அது.

அப்படித் திரும்பியவர்களில் என் வகுப்புத் தோழி ஒருத்தி. பெயர் வேண்டாம், எங்கள் வருடத்தவர்களுக்குத் தெரியும், கணக்கில் எப்போதும் முதலாவதாய் வந்தவள். நியூவாக் போய் வந்த அடுத்த வருடம், 2017 யூலையில், அவளைப் பார்க்கப் போனேன். இப்போது லோஞ்ச் தேவையில்லை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு தரைவழியாகவே போகலாம். வீட்டடி வெறுமையாயிருந்தது, அத்திவாரமும் கிணற்றுக்கட்டின் பாதியும் மட்டும். வயலுக்குக் கூட்டிப் போனாள். காணியின் நடுவே, மூலைக்கு மூலை, ஒரு மண் அணை. மேலே எருக்கலையும் ஆவாரையும் முளைத்திருந்தது. ஓரிடத்தில் சரிந்து, உக்கிய மண்மூட்டையின் நைலோன் நார் வெளியே தெரிந்தது. யார் போட்டது என்று கேட்டேன். முதலில் ஒரு பகுதி போட்டது, பிறகு மற்றப் பகுதி உயர்த்தியது போலிருக்கு, நான் பார்க்கவா நின்றேன் என்றாள்.

நான் உற்சாகத்தில் நியூவாக் கதையைச் சொன்னேன். இதில் ஒரு துண்டையாவது விட்டு வை, நாளைக்கு இதுவும் சரித்திரம் என்றேன். அவள் அணையில் ஏறி நின்று என்னைக் கீழே பார்த்தாள்.

"அப்ப நீ வந்து இதுக்கு மேல பாய் போட்டுப் படு. எனக்கு வயல் வேணுமடி. இந்த மண் நிக்கிறதால அங்கால் பக்கம் தண்ணி ஏறுதில்ல. பத்து வருசம் விதைக்கேல்ல."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. மிதிவெடி எடுக்கிறவர்கள் பார்த்து முடித்துவிட்டார்கள், பெரும்போகத்துக்கு முன் டோசர் பிடிக்கப் போகிறேன், அரைவாசிக் காசு மகன் அனுப்புவான் என்றாள். அவள் செய்தது சரி. இதை நான் திரும்பத் திரும்ப யோசித்துத்தான் எழுதுகிறேன். ஒருவருடைய சோற்றுக் காணியின் மேல் பலவந்தமாகப் போட்ட மண்ணை, அவரிடமே கேட்காமல் மரபுரிமை என்று பெயர் சூட்டி நிறுத்தி வைப்பது, அந்தக் காணியை இரண்டாம் முறை பறிப்பதுதான். கிழக்கிலே தொல்லியலின் பேரால் காணி போய்விடுமோ என்ற பயம் சனங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. அந்தப் பயத்துக்கு நாங்கள் இன்னொரு காரணம் கொடுக்கக் கூடாது.

ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை. இங்கே எது நின்றது, எது போனது என்பதை வயற்காரர் மட்டும் தீர்மானிக்கவில்லை. ஆனையிறவில் 1991 சமரில் வந்த இரும்புத் தகடு போர்த்திய டோசர் நினைவுச்சின்னமாக நிற்கிறது. கிளிநொச்சியில் சரிந்து விழுந்த தண்ணீர்த் தாங்கி போர் முடிந்து பல வருடம் காட்சிப்பொருளாயிருந்தது. புதுக்குடியிருப்பில் சனம் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்த நிலக்கீழ் மாளிகை 2013 ஒக்டோபரில் தகர்க்கப்பட்டது. வென்றவர் கதைக்கு உதவுவது நின்றது, உதவாதது போனது. இரண்டு தரப்புக்கும் நடுவில் பதுங்கிக் கிடந்த சனங்களின் பங்கர்களை யாரும் நிறுத்தவுமில்லை, தகர்க்கவுமில்லை, மழை மூடிவிட்டது. கல்லறைகளைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. அது துக்கத்தின் விடயம், அதைத் தொல்லியலோடு சேர்க்க எனக்கு மனமில்லை.

சட்டமும் இங்கே உதவாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் புராதனச் சின்னத்துக்கு வைத்த அடிப்படை எல்லை 1815 மார்ச் 2, அதாவது கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் போன நாள். அதற்கு முந்திய பிரெட்றிக் கோட்டை அதற்குள் வரும். சீனக்குடாவில் எங்கள் அப்பாமார் சைக்கிளில் வேலைக்குப் போன எண்ணெய்த் தாங்கிகள் 99ம், 1942 ஏப்ரல் 9 யப்பானியக் குண்டுவீச்சைத் தாங்கியும், அந்த எல்லைக்குள் தாமாக வருவதில்லை. நேற்றைய மண் அணைக்கு ஏது இடம்? நியூவாக் மேட்டுக்குச் சட்டம் வந்து சேர இருநூறு வருடத்துக்கு மேல் எடுத்தது என்பது உண்மைதான். ஆனால் அது குளிர் தேசத்துக் களிமண்ணும் புல்லும். எங்கள் மணல் மண் பத்து மாரிக்கு நிற்காது.

எனக்கு நியூவாக்கில் உண்மையிலேயே பொறாமை தந்தது அந்த மேடு அல்ல. ஒரு புத்தகம். 1964இல் அரச ஆணைக்குழு ஒன்று அந்த நகரத்தைச் சுற்றியிருந்த முற்றுகை அரண்கள் எல்லாவற்றையும் அளந்து, வரைபடம் போட்டு வெளியிட்டிருக்கிறது. உழுது அழிந்துபோன மேடுகளைக்கூட அந்த நாட்டில் ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களில் தேடிப் பிடிக்கிறார்கள். தூர்ந்த அகழியின் மேல் ஈரம் நிற்பதால் பயிர் அந்தக் கோட்டில் உயரமாய்ப் பச்சையாய் வளருமாம்; மேடு இருந்த இடத்தில் குட்டையாய் மஞ்சளாய் நிற்குமாம். இடிப்பதற்கு முன் ஒரு நாள், ஓர் அளவுநாடா, ஒரு கமெரா, அந்த வளவுக்காரரிடம் நாலு கேள்வி. இதற்குக் காணியை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அரச காணியில், வீதியோரத்தில், யாருக்கும் பயிரில்லாத இடத்தில் இன்னும் நிற்கிற அணைகளில் ஒரு ஐம்பது யாரைக் கம்பி அடைத்து, மூன்று மொழியிலும் வெற்றியும் தோல்வியும் எழுதாமல் ஒரு பலகை நட்டால் அது போதும். அதற்கு முதலில் எங்கே என்ன இருந்தது என்று தெரிய வேண்டும்.

அதனால்தான் இந்த மலரில் எழுத ஒப்புக்கொண்டேன். ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் சென்னையிலும் கொழும்பிலும் இருந்து இதை வாசிக்கிற சகோதரிகளே, நகரத்துக்குள்ளேயே எத்தனை இருந்தன என்று யோசித்துப் பாருங்கள். உட்துறைமுக வீதியில் மண்மூட்டைச் சுவர் எங்கே தொடங்கியது? பாடசாலைக்கு வருகிற வழியில் பையைத் திறந்து காட்டிய காவலரண்கள் எத்தனை? உங்கள் வளவில் பங்கர் வெட்டியது எந்த மரத்தடியில், யார் வெட்டியது, எத்தனை பேர் அதற்குள் இருந்தீர்கள்? தாளில் ஒரு கோடு கீறி, வருடத்தை எழுதி வையுங்கள். நான் என் வீட்டைச் சுற்றி ஒரு மைல் வட்டத்தைக் கீறத் தொடங்கியிருக்கிறேன். ஒன்பது இடம் நிச்சயம். நான்கு இடத்தில் கேள்விக்குறி. மேற்குப் பக்கம் வெறுமையாய்க் கிடக்கிறது. அங்கே இருந்தவர்கள் 1990இல் போய்விட்டார்கள்.

தோழியின் அணையை நான் அளக்கவில்லை. அன்றைக்கு வெட்கத்தில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. அந்த ஆவணி மாதமே டோசர் வந்து மண்ணை வயல் முழுக்கப் பரவிவிட்டது. தை மாதம், கதிர் முற்றுகிற நேரம், தென்னையில் ஏறின பேரனைக் கொண்டு எடுப்பித்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். பச்சை வயலுக்குக் குறுக்கே, மூலைக்கு மூலை, மஞ்சளாய் ஒரு பட்டை. அடிமண் மேலே வந்துவிட்டது, அந்த இடத்தில் மட்டும் நெல் எழும்பவில்லை, உரம் போட்டும் சரிவரவில்லை என்று குரல் பதிவில் ஏசியிருந்தாள். இரண்டாம் வருடம் பட்டை மெலிந்தது. போன வருடப் படத்திலும், தேடினால், தெரிகிறது.